சிவப்புப் புள்ளி இல்லாத எலும்பு

எலும்பு சார் தொடை எலும்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியைக் காணோம்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். தடவினால் புள்ளி வந்துவிடுமா என்ன?

அந்த அருங்காட்சியகத்தில் புதைபடிவக் கூடத்துக்கு அவர்தான் உதவிக் காப்பாளர். எலும்பு சார் என்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். ஆளும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருப்பார். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட்டின் மேல், ஒரு டைனோசரின் தொடை எலும்பு இருந்தது. குட்டி டைனோசர் என்பதால் ஒரு ஆளின் கை நீளம்தான். அதுதான் அசல். சற்றுத் தள்ளி, "தொட்டுப் பாருங்கள்" என்று பலகை வைத்த மேஜையில் அதன் பிளாஸ்டர் நகல். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிள்ளைகள் தூக்கிப் போட்டு விளையாடிவிடாமல் இருக்க நகலுக்குள் இரும்பு வைத்து வார்த்திருந்தார்கள். அதனால் எடையை வைத்தும் எது எது என்று சொல்ல முடியாது. நகல் என்றால் அடியில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும், அசல் மேல் ஒரு துளி வண்ணமும் படக் கூடாது என்பது அங்கே கறாரான வழக்கம்.

இப்போது அவர் கையில் இருப்பது மேஜையிலிருந்து எடுத்த எலும்பு. புள்ளி இல்லை. அப்படியென்றால் இதுதான் அசல்.

போன வாரம் இரண்டையும் ஒன்றாக எடுத்துப்போய்த் துடைத்தது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். பேசிக்கொண்டே திரும்ப வைத்தவர் எதை எங்கே வைத்தோம் என்று கவனிக்கவில்லை. ஆக, ஒரு வாரமாக ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கோடிக்கணக்கான வருஷத்து எலும்பின் மேல் ஏறிக் குதிரை ஓட்டியிருக்கின்றன. பெரியவர்கள் எல்லாம் கைகட்டி நின்று பிளாஸ்டரைத் தரிசித்திருக்கிறார்கள்.

வேறு நாளாக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடுவார். இன்றைக்குப் பார்த்து தலைமை அருங்காட்சியகத்திலிருந்து நிபுணர் வருகிறார். இங்கே பராமரிப்பு சரியில்லை என்று அவர் ஒரு வரி எழுதினால் எலும்பு தலைமையகத்துக்குப் போய்விடும். அந்த ஒரு எலும்பு போனால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். எலும்பு சாரை எங்கோ கண்காணாத ஒரு கிடங்குக்குத் தூக்கியடிப்பார்கள். மனைவிக்கோ இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் ரயிலில் வந்து போகும் புருஷனாக வாழ வேண்டியதுதான்.

"என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

திரும்பினார். மனைவி நின்றிருந்தார். பின்னால் வரிசையாக அவருடைய வகுப்பு.

"ஏம்மா, அதுக்குள்ள வந்துட்டியா?"

"நல்லா கேட்டீங்க. நிபுணர் வரும்போது கூடம் காலியா இருக்கக் கூடாது, உன் பிள்ளைங்களக் கூட்டிட்டு வான்னு காலையிலேருந்து உயிர எடுத்தது யாரு?"

பிள்ளைகள் மேஜையை மொய்ப்பதற்குள் எலும்பைத் துடைக்கும் துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார். விரிப்பு தரை வரை தொங்கியதால் வெளியே தெரியவில்லை.

"சார், தொட்டுப் பாருங்கள்னு போட்டிருக்கே. எதத் தொடறது?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"மேஜையத் தொட்டுப் பாருங்க."

"இது எத்தனை கோடி வருஷத்து மேஜை சார்?"

மனைவி அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "என்ன செஞ்சு வெச்சீங்க? உண்மையச் சொல்லுங்க."

சொன்னார். மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்போ நாலு நாள் முன்னாடி பக்கத்து வகுப்புப் பிள்ளைங்க வந்து அது மேல பேனாவால பேர் எழுதிட்டுப் போச்சே, அது அசல் மேலயா?"

"மெதுவாப் பேசு. அத அழிச்சிட்டேன்."

"எதால அழிச்சீங்க?"

"ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சேன்."

"கடவுளே" என்றார் மனைவி.

பெட்டிச் சாவி இயக்குநர் அம்மாளிடம் இருந்தது. எலும்பு சார் அவருடைய அறைக்கு ஓடினார்.

"மேடம், பெட்டிச் சாவி வேணும். உள்ள கொஞ்சம் தூசி."

"போன வாரம்தானே துடைச்சீங்க?" என்றவர் சட்டென்று முகம் மலர்ந்தார். "நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க! நிபுணர் வர்றப்போ பெட்டியத் திறந்து எலும்ப அவர் கையிலயே கொடுத்துடுவோம். நம்ம பராமரிப்ப அவரே தொட்டுப் பார்க்கட்டும். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

எலும்பு சாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

நிபுணர் வெள்ளைத் தலையும் தங்க நிறச் சட்டமிட்ட கண்ணாடியுமாக, பார்த்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றும் மனிதர். கூடத்துக்குள் வந்தவர் சுவரில் இருந்த சிப்பிகளைப் பார்க்கவில்லை, கல்லில் பதிந்த மீனைப் பார்க்கவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டியின் முன் போய் நின்றார்.

"திறந்து காட்டறோம் ஐயா" என்று இயக்குநர் அம்மாள் சாவியை எலும்பு சாரிடம் நீட்டினார்.

நிபுணரின் புருவம் ஏறியது. "திறக்கணுமா?"

வெளிச்சத்தில் நிபுணர் அதைப் புரட்டினால் அடியில் சிவப்புப் புள்ளி பல்லைக் காட்டும். எலும்பு சார் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எதிர்ப்பக்கமாகத் திருகினார். சாவி மளுக்கென்று ஒடிந்தது. பாதி கையில், பாதி பூட்டுக்குள்.

"என்னய்யா இது!" என்றார் இயக்குநர் அம்மாள்.

"பழைய சாவி மேடம்" என்று அசடு வழிந்தார்.

நிபுணர் கோபித்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, பரவாயில்ல. கண்ணாடி வழியா பார்த்தாலே போதும்" என்றார். குரலில் அப்படி ஒரு கனிவு.

பார்த்தார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் எலும்பு சார் கவனித்த ஒன்று உண்டு. இந்தப் பெட்டியின் முன் வருகிறவர்கள் யாரும் எலும்பைப் பார்ப்பதில்லை. "அசல்" என்ற பலகையைத்தான் பார்ப்பார்கள். பலகையைப் படித்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். மேலே ஒரு விளக்கு, கீழே வெல்வெட், குறுக்கே கண்ணாடி, இவை இருந்தால் கிழிந்த செருப்பை வைத்தாலும் கைகட்டித்தான் நிற்பார்கள் போலிருந்தது. ஆனால் இவர் உலகம் சுற்றிய நிபுணர். இவரையும் ஒரு விளக்கும் வெல்வெட்டும் ஏமாற்றிவிடுமா?

"அற்புதம்" என்றார் நிபுணர். "சந்தேகமே இல்ல. அசல்."

தூணோரம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத ஆராய்ச்சிக்காக ஒரு வருஷம் என்கிட்டயே வெச்சிருந்தேன். இவர் வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி" என்றார் நிபுணர் எலும்பு சாரின் தோளைத் தட்டி. "ஒவ்வொரு கீறலும் எனக்குத் தெரியும். இது இங்கயேதான் இருக்கணும். தலைமையகத்துக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, பெட்டியத் திறக்கவே கூடாதுன்னு எழுதிடறேன். காத்து பட்டாலே கெட்டுடும்."

எலும்பு சாருக்கு அவர் காலில் விழலாமா என்று இருந்தது. கிடங்கும் இல்லை, ரயிலும் இல்லை. ஐந்து நிமிஷம், வேண்டாம், இரண்டே நிமிஷம் இந்த மனிதரை வாசல் வரை நடத்திக் கூட்டிப்போய்விட்டால் போதும்.

"சார்! சார்! இது கீழ கிடந்துச்சு சார்!"

முன்வரிசைச் சிறுமியும் அவள் தோழியும் துணி மூட்டையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணி அவிழ்ந்து எலும்பின் முனை எட்டிப் பார்த்தது.

"வையுங்க! அப்படியே மெதுவா கீழ வையுங்க!" என்று எலும்பு சார் போட்ட கூச்சலில் பிள்ளைகள் பயந்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள்.

கூடமே அதிர்ந்தது. எலும்பு இரண்டு துண்டாகி, ஒரு துண்டு நிபுணரின் ஷூ வரைக்கும் உருண்டு போய் நின்றது.

எலும்பு சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டைக் கையில் எடுத்தார். அழத்தான் எடுத்தார். உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவே துருப்பிடித்த இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"பிளாஸ்டர்!" என்று கத்தினார். "மேடம், இது பிளாஸ்டர்! நகல்தான்!"

"நகல் நகலாத்தானே இருக்கும்? அதுக்கு ஏன் இந்த ஆட்டம்?" என்றார் இயக்குநர் அம்மாள்.

சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாய் நிற்கவில்லை. புள்ளி காணாமல் போனது, மாற்றி வைத்துவிட்டதாக நினைத்தது, சாவியை வேண்டுமென்றே ஒடித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான்தான் மேடம் முட்டாள். பேனாக் கிறுக்கல அழிக்கிறேன்னு ஸ்பிரிட் போட்டதில புள்ளியும் போயிருக்கு. அசல் பத்திரமா பெட்டிக்குள்ள இருக்கு."

இயக்குநர் அம்மாளின் முகம் இறுகியது. "மாத்தி வெச்சோமோன்னு உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கு. அப்புறம் நான் எப்படி நம்பறது? பெட்டியத் திறங்க. இப்பவே."

"தாராளமா திறங்க மேடம்!"

"வேண்டாம்!" என்றார் நிபுணர். அவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து அவ்வளவு கீச்சுக் குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "நான்தான் அசல்னு சொல்லிட்டேனே. காத்து படக் கூடாது."

"பூட்டுக்குள்ள சாவி வேற ஒடிஞ்சிருக்கே" என்று இழுத்தார் இயக்குநர் அம்மாள்.

"பின்பக்கம் கீல் இருக்குல்ல மேடம்? ஸ்குரூவக் கழட்டினா கதவு கையோட வந்துடும்" என்றார் மனைவி. புருஷனின் மானத்தைக் காப்பாற்றும் அவசரம் அவருக்கு.

ஸ்குரூ டிரைவர் வந்தது. கண்ணாடிக் கதவு கழன்றது. எலும்பு சார் கையுறை மாட்டிக்கொண்டு எலும்பைத் தூக்கி அடிப்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். புள்ளி இல்லை.

"பார்த்தீங்களா மேடம்? அசல்!"

"கொடுங்க, நானே உள்ள வெச்சுடறேன்" என்று நிபுணர் மறுமுனையைப் பிடித்தார்.

"நான் வைக்கிறேன் ஐயா."

"விடுய்யா!"

இவர் இழுக்க அவர் இழுக்க, எலும்பின் முனை பெட்டிச் சட்டத்தில் மோதியது. ஒரு சில்லு தெறித்து வெல்வெட்டின் மேல் விழுந்தது. கறுப்பு வெல்வெட்டில் வெள்ளைப் பொடி.

எலும்பு சார் உடைந்த இடத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த துண்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே வெள்ளை.

"அப்போ அசல் எங்கய்யா?" என்றார் இயக்குநர் அம்மாள்.

முதலில் சுதாரித்தவர் நிபுணர்தான். எலும்பைக் கீழே வைத்தார், சட்டையை நீவிக்கொண்டார், பழைய கம்பீரக் குரல் திரும்பிவிட்டது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கடைசியா பெட்டியத் திறந்தது இவர். புள்ளிய அழிச்சதும் இவர், சாவிய ஒடிச்சதும் இவர். எல்லாம் இவரே வாயால சொன்னதுதானே? கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்ததில நானே ஏமாந்துட்டேன். போலீசக் கூப்பிடுங்க."

"ஐயா, சத்தியமா நான் இல்ல" என்றார் எலும்பு சார். சொல்லும்போதே அவருக்கே அது திருடன் பேச்சாகத்தான் பட்டது.

"என்னங்க..." என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. கிடங்குக்குத் தூக்கியடித்தால் வாரம் ஒருநாள் ரயிலாவது உண்டு. ஜெயிலிலிருந்து எந்த ரயில் வரும்?

இயக்குநர் அம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

அப்போது கூடத்துக்குள் நிபுணரின் டிரைவர் வந்தார். வெளியே காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் வந்திருந்தார். கழன்று கிடந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தார், வெல்வெட்டின் மேல் கிடந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார், பிறகு தன் முதலாளியை மிகுந்த பரிவோடு பார்த்துக் கேட்டார்:

"என்ன சார், இங்கயும் கண்டுபிடிச்சுட்டாங்களா?"