சிரிக்கக் கூடாத வீடு

ஆஸ்பத்திரியில் எதற்காக அந்தத் தலையணையைக் கொடுத்தார்கள் என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரியவே இல்லை. குடல்வாலை அறுத்து எடுத்துவிட்டு, மாத்திரைகளோடு அதையும் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். செங்கலைவிடக் கொஞ்சம் பெரியது. கல் மாதிரி கெட்டி. கொடுக்கும்போது சிஸ்டர் ஏதோ விளக்கத்தான் செய்தார். மெக்கானிக் மயக்க மருந்தின் மிச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

தலைக்கு வைத்தால் கழுத்து பிடித்துக்கொண்டது. காலுக்கு வைத்தால் உருண்டு விழுந்தது.

"வர்றவங்க உக்காரவாவது ஆகும்," என்று மனைவி அதைக் கட்டிலருகே இருந்த மர நாற்காலியில் போட்டாள்.

அதில் முதலில் வந்து உட்கார்ந்தவன் அவளுடைய தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன்.

"இன்னைக்குப் புதுசா ஒருத்தர் மாமா. முன்னாடி ஒரு தாத்தா நடந்து போறார், ஹாரன் அடிங்க சார்னேன். கண்ணாடிய இறக்கிட்டு, 'கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா'ன்னு கேக்குறார். ஏன் சார்னா, 'வயசானவர், ஹாரன் அடிச்சா மரியாதையா இருக்குமா'ங்கறார்!"

மெக்கானிக் சிரித்தார். அடுத்த நொடி "அம்மா!" என்று அலறினார்.

சிரிப்பு வாயில் நடப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலை வயிற்றுக்குத்தான். வயிற்றுத் தசை வெடுக் வெடுக்கென்று சுருங்கிக் காற்றை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு சுருக்கமும் தையலை ஒரு இழு இழுக்கும். குலுங்கிக் குலுங்கி நிற்கும் லிஃப்டில் கம்பிவடம் படுகிற பாடு.

மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். மாமாவுக்குக் காது கேட்காதே என்று மைத்துனன் நடித்தே காட்டினான்: பிரேக்கை மிதிப்பதற்குப் பதிலாகக் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஒரு மாணவர். சத்தமில்லாமல் பார்த்தபோது இன்னும் சிரிப்பு வந்தது.

"டேய், வாயத் தொறக்காத, கையையும் ஆட்டாத. சும்மா உக்காந்துட்டுப் போ," என்றாள் அக்கா.

அப்படியே உட்கார்ந்தான். நிமிர்ந்த முதுகு, முழங்காலில் கைகள், லைசென்ஸ் தேர்வுக்கு வந்தவன் போல. அந்த நேரம் பார்த்து அவனுக்கு விக்கல் வந்தது. அடக்கினான். நாற்காலி கிரீச்சிட்டது. மெக்கானிக் போர்வையைக் கடித்துக்கொண்டு குலுங்கினார், கண்ணீர் வழிந்தது.

"தையல் ஆறுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதடா."

"பாக்க வந்தது தப்பாக்கா? சரி, வரல." செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், அப்புறம் போனையும் எடுக்கவில்லை.

வலி குறைந்தது. வீட்டில் பேச்சும் குறைந்தது. மெக்கானிக் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு இறக்கை லேசாகத் தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதைக் கேலி செய்யக்கூட ஆளில்லை. சாப்பாடு பாதிக்குமேல் இறங்கவில்லை.

"வலியும் போச்சு, மூஞ்சியும் போச்சு. இதுக்கு அவன் வந்தே தொலைக்கலாம்," என்று மனைவி நேரில் போய்த் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டு மாற்ற வந்த ஆஸ்பத்திரி சிஸ்டரும் வாசலில் சேர்ந்துகொண்டார்.

மைத்துனன் அறைக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வரலாமா மாமா, இல்ல ஹாரன் அடிக்கணுமா?"

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். "ஐயோ... யாராவது இவன வெளிய தள்ளுங்க!"

சிஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மர நாற்காலியில் கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி, மெக்கானிக்கின் வயிற்றில் வைத்தார்.

"இத உக்காரவா குடுத்தோம்? சிரிப்போ இருமலோ வந்தா தையல் மேல வெச்சு, ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கலாம்."