நாலு மணிக்குப் பெயர் தெரிந்துவிடும்

என் மகன் பிறந்த ஐந்தாம் நாள் என் கணவர் ஒரு சபதம் எடுத்தார். நல்ல சபதங்களை அவர் வீட்டில் எடுப்பார். மற்றவற்றை முடிதிருத்தும் கடையில் எடுப்பார். இது கடையில் எடுத்தது.

"பெரியவர் யாரைத் துணை அதிபர் வேட்பாளரா அறிவிக்கிறாரோ, அவர் பேர்தான் என் பையனுக்கு! இந்தக் கத்தி மேல சத்தியம்!"

கத்தி கடைக்காரர் கிளெமென்டுடையது. அந்த நேரம் அது ஒருவரின் பாதி மழித்த தலைமேல் இருந்தது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

கடை கீழே, நாங்கள் இரண்டாம் மாடி. ஆனால் என் கணவர் ஒடேரா, நகூரு நகரப் பேருந்து நிலையத்தில் மினிபஸ் நடத்துநர். ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவிப் பழுத்த தொண்டை அது. பிரசவத் தையல் பிரியாமல் மெல்லத் திரும்பிப் படுத்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. பிள்ளைக்கும் கேட்டிருக்க வேண்டும். வீறிட்டு அழுதது.

பெரியவர் என்பது அதிபர் தேர்தலில் நிற்கிறவர். எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாதாவைவிடப் பெரிதாகத் தொங்குகிறவர்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தி பிள்ளை பெற்ற அன்றே அவளுடைய சொந்தப் பெயர் போய்விடும். கீரைக்காரி முதல் பாதிரியார் வரை பிள்ளையின் பெயரோடு 'அம்மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு அக்காவை எல்லோரும் கிமாயோ அம்மா என்கிறோம். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். அதனால் என் மகனுக்கு ஓர் அரசியல்வாதியின் பெயர் வைத்தால், அந்தப் பெயர் என் நெற்றியிலும் ஒட்டப்படும். சந்தையில், தண்ணீர்க் குழாயடியில், கூட்டமான தெருவில், யாரோ என்னை அந்தப் பெயரால் உரக்கக் கூப்பிடுவார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இவர் ஏரிக்கரைக்காரர். நான் மலைக்காரி. தேர்தல் இல்லாத வருஷங்களில் இது வெறும் சமையல் சண்டை: அவருக்கு மீன், எனக்கு உருளைக்கிழங்கு. தேர்தல் வந்தால் அப்படியில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு தேர்தல் முடிந்து, ஆட்கள் சாலையை மறித்து நின்றுகொண்டு ஒவ்வொருவர் பெயராகக் கேட்டார்கள். பெயரிலேயே குலம் தெரிந்துவிடும்; வேறு குலம் என்றால் அடிதான். எங்கள் கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் பெர்பெத்துவா, பெட்டிகளின் மேல் எழுதியிருந்த பெயர்களையெல்லாம் வெள்ளை பெயிண்டால் அடித்து மறைத்தார். "இன்று மட்டும் எல்லோரும் மரியாள்" என்றார். நாற்பது மரியாள்கள் ஒரே வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தோம்.

அதை நான் ஒடேராவிடம் சொன்னேன். அவர் பால்கனியில் பிள்ளைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். என்னைக் குனியவிடாமல் அத்தனையும் அவரே துவைப்பார். கட்சிக் கொடி கட்டுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலர்த்துவார்.

"ஏங்க, குலப் பேர் தோல் மாதிரி. உரிக்க முடியாது. கட்சிப் பேர் சட்டை மாதிரி. போறவன் வர்றவன்லாம் காலரைப் பிடிப்பான். இத்தனூண்டு கழுத்துக்குக் காலர் எதுக்கு?"

"கபூரா, நீ பயந்தாங்கொள்ளி."

"ஆமா. பயப்படத் தெரிஞ்சதாலதான் பத்திரமா இருக்கேன்."

"இப்ப காலம் மாறிடுச்சும்மா."

"காலம் மாறிடுச்சுன்னா நீங்களும் கொஞ்சம் மாறலாமே."

"கத்தி மேல சத்தியம் பண்ணிட்டேனே!"

"கத்தி கிளெமென்டோடது. சத்தியமும் அவருக்கே போகட்டும்."

அவர் சிரித்தார். ஆனால் மாறவில்லை. கடையில் பதினோரு பேர் சாட்சி. ஆண்பிள்ளை எதை விட்டாலும் சாட்சிகளை விடமாட்டான்.

அதன்பிறகு பிள்ளை பார்க்க வந்தவர்கள் யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிரசாரத்துக்கு வந்தார்கள். கிளெமென்ட் ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து, தொட்டில் ஓரம் அமர்ந்து, "இந்த நெத்தியைப் பாருங்க. அப்படியே மலைக்காரர் இரேரி. மலையிலேர்ந்து ஒருத்தரை எடுக்காம பெரியவர் ஜெயிக்கவே முடியாது. மலை வோட்டு மொத்தமும் இறங்கி வரும்" என்றார்.

"மலை என்னிக்கு இறங்கி வந்திருக்கு? நாமதான் மூச்சு வாங்க ஏறணும்" என்றார் ஒடேராவின் மினிபஸ் டிரைவர் வன்யாமா. "கடற்கரை ஜும்பாதான் சரி. வாயே திறக்கமாட்டார். துணை அதிபருக்கு வேற என்ன தகுதி வேணும்?"

"வாயைத் திறக்காதவர் பேரை வச்சா, நாளைக்கு இவன் எப்படிப் பேசுவான்?"

"நடத்துநர் பிள்ளைய்யா! பேசாம இருந்தாத்தான் அதிசயம்!"

கிமாயோ அம்மா எதிர்க்கட்சி. கேழ்வரகுக் கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "உங்க பெரியவர் யாரை எடுத்தா என்னப்பா? ஓடாத வண்டிக்கு ஸ்டெப்னி எதுக்கு?"

"அக்கா, துணைன்னா லேசா நினைக்காதீங்க" என்று ஒடேரா எழுந்து நின்றார். "வோட்டைக் கொண்டுவரணும். எதிர்த்துப் பேசக் கூடாது. தலைவர் தூங்கறப்ப முழிச்சிருக்கணும்."

"கபூராவைச் சொல்றியா?"

"நான் வோட்டு ஒண்ணும் கொண்டுவரலை அக்கா" என்றேன். "எதிர்த்தும் பேசறேன். முழிச்சிருக்கிறது மட்டும்தான் பொருந்துது."

"வக்கீலம்மா நெகேசா பேரும் அடிபடுதாமே" என்று கிமாயோ அம்மா போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனார். மூன்று ஆண்களும் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

"பொம்பளையா! அப்படி வந்தா அந்தம்மாவோட அப்பா பேரை வைப்பேன்" என்றார் ஒடேரா. "சத்தியம் சத்தியம்தான்."

தடுப்பூசி அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நர்ஸ் பென்சிலால் 'கபூராவின் குழந்தை' என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை பேனாவால் எழுதியாக வேண்டும். பெரியவரின் அறிவிப்பு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. பத்து மணி பன்னிரண்டானது. பன்னிரண்டு நாலானது.

அந்தப் புதன்கிழமை மதியம்தான் பிள்ளை அழ ஆரம்பித்தது. பசி அழுகை இல்லை. ஈர அழுகை இல்லை. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் தக்காளியாகி, மூச்சே நின்றுவிடும் போல ஓர் அழுகை. நெற்றியை நாற்பது தடவை தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. அதுவும் பயமாக இருந்தது. கிமாயோ அம்மா வந்து வயிற்றைத் தடவி, "வாயுதான், பயப்படாதே" என்றார். பயப்படாதே என்று சொன்னதும் நெற்றியை நாற்பத்தோராம் தடவை தொட்டுப் பார்த்தேன்.

அறிவிப்பைக் கேட்பதற்காக மூன்றாம் நடையோடு வேலையை முடித்துக்கொண்டு ஒடேரா வந்தார். பிள்ளையைப் பார்த்தார். தன் அம்மாவுக்குப் போன் போட்டு, படுக்கையில் ஒலிபெருக்கியில் வைத்தார். என் மாமியார் ஏரிக்கரையில் ஹோமா பே என்ற ஊரில் இருக்கிறார்.

"எவ்ளோ நேரமா அழுவுறான்?"

"ரெண்டு மணி நேரமா, அத்தை" என்றேன்.

"பேர் வச்சாச்சா?"

"நாலு மணிக்குத் தெரிஞ்சுடும்மா" என்றார் ஒடேரா.

"நாலு மணிக்கா? பேரு என்ன பஸ்ஸுலயா வருது?"

அவர் விளக்கினார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"மடையா. நம்ம செத்தவங்கள்ல யாரோ வந்து கதவைத் தட்டறாங்கடா. தன் பேரைக் கேட்டுத்தான் பிள்ளை அழுவுது. இது தெரியாமலா ஏரித் தண்ணி குடிச்சு வளர்ந்தே? கபூரா, நீ பாலைக் கொடு. இவன் ஒவ்வொரு பேரா சொல்லட்டும். வேண்டாத பேர்னா பிள்ளை பாலையே உதறும். வேண்டிய பேர்னா அமைதியாக் குடிக்கும். மேல நல்லா துணியைப் போட்டு மூடிக்கோ. செத்தவங்க கூச்சப்படுவாங்க."

இடுப்பில் சுற்றும் லேசோத் துணியை எடுத்து மூடிக்கொண்டேன். பிள்ளையைத் தோளில் போட்டு ஒரு தட்டுத் தட்டியதும் ஒரு பெரிய ஏப்பம் வந்தது. என் உயிர் திரும்பி வந்தது. வாயு போன நிம்மதியில் அது பாலைப் பற்றிக்கொண்டு அமைதியாகிவிட்டது.

"நிறுத்திட்டான்!" என்று ஒடேரா துள்ளினார். "நான் யார் பேரைச் சொன்னேன்?"

"இன்னும் ஒண்ணுமே சொல்லலைடா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அமைதியான பிள்ளையைப் பார்த்தார். தேர்தல் காலத்து மூளை அவருக்கு. சட்டென்று, "இரேரி!" என்றார்.

பாலூட்டும்போது பிள்ளையை விடுவிக்க வேண்டுமானால் சுண்டு விரலை அதன் வாயோரம் மெல்ல நுழைக்கச் சொல்லி நர்ஸ் கற்றுத் தந்திருந்தார். சத்தியமாக நான் யோசிக்கவில்லை. விரல்தான் யோசித்தது. பிள்ளை வீறிட்டது.

"டேய், உயிரோட இருக்கிறவன் பேரையா சொல்றே?" என்றது போன்.

"சும்மா பார்த்தேம்மா. ஜும்பா!"

விரல். வீறல்.

"நெகேசாவோட அப்பா..." என்று தொடங்கி நின்றுவிட்டார். அவர் பெயர் யாருக்குத் தெரியும்? பிள்ளைக்கு ஒரு வாய் பால் கிடைத்தது.

பிறகு முன்னோர்களுக்கு வந்தார். "ஒபுயா ஒபுயா ஒபுயா!"

"செத்தவங்களுக்குக் காது கேக்கும்டா, பஸ் ஸ்டாண்டுல கூவாதே."

ஒபுயா பெரியப்பா அடுத்தவர் மாட்டை ஓட்டிப் போய்ப் பிடிபட்டவர் என்று ஒடேராவே சொல்லியிருக்கிறார். விரல். ஒரு மாமா வந்தார், மனைவியை அடிப்பவராம். விரல். பட்டியல் தீர்ந்தது. மணி நாலாகப் பத்து நிமிஷம். ஒடேராவின் முகம் வாடிவிட்டது.

ஒரே ஒரு பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

"உங்க அப்பா பேரைச் சொல்லலையே" என்றேன்.

ஒடேரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அவர் வரமாட்டார். போன தேர்தல்ல அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பவும் இதே பேச்சுதான், யாரைத் துணையா எடுத்தது சரின்னு. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வச்சுட்டு எழுந்து வந்தேன். மூணு மாசத்துல போயிட்டார். என் வீட்டுக்கு ஏன் வரப்போறார்?"

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அப்பா படகுத்துறையில் வேலை பார்த்தார், விசில் நன்றாக அடிப்பார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். துணிக்குள் சுண்டு விரலை மடக்கி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவை கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

நடத்துநரின் குரல் இல்லை அது. எனக்கே எட்டியும் எட்டாத குரல்.

"ரபூரு" என்றார். "அப்பா... ரபூரு."

பிள்ளை குடித்துக்கொண்டே இருந்தது. மடக் மடக்கென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒடேரா துணியின் ஓரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அழுகிற ஆட்களின் எண்ணிக்கை அந்த வீட்டில் மாறவே இல்லை, ஆள்தான் மாறியது.

நாலு மணிக்குக் கீழே கடையில் ஒரே கூச்சல். "நெகேசா! நெகேசாவாம்!" கிளெமென்டின் ஒப்பாரி தனியாகக் கேட்டது. வன்யாமா எங்கள் ஜன்னலைப் பார்த்து, "ஒடேரா! அந்தம்மாவோட அப்பா பேர் என்னய்யா?" என்று கத்தினார்.

ஒடேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "கத்தாதீங்கடா, ரபூரு தூங்கறான்" என்றார். பிறகு என் தலையைத் தொட்டார். "ரபூரு அம்மா" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்காத பெயர். எனக்குப் போதும். அவர் படிகளில் ஓடினார். "எங்கப்பா வந்துட்டார்! பதினோரு பேரும் சாட்சி, எங்கப்பாவே வந்துட்டார்!"

நானும் பிள்ளையும் போனும் மிஞ்சினோம். அப்போதுதான் பயம் வந்தது. பொய் பாவம் என்று பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். உயிரோடிருப்பவர்களை ஏமாற்றியதைக்கூடப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம். இறந்தவர்களை ஏமாற்றியதை யாரிடம் சொல்வது?

"அத்தை" என்றேன். "நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். பிள்ளையா உதறலை. என் சுண்டு விரல்..."

மறுமுனையில் ஏரிக்காற்று மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிடவில்லை, அவர் மனம்தான் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதருகே எடுத்துக்கொண்டேன்.

"நகத்தை வெட்டியிருந்தியா?" என்று கேட்டார்.

"வெட்டியிருந்தேன், அத்தை."

"நல்லது. ஒடேரா பொறந்தப்ப அவனுக்கு ஏதோ ஒரு மந்திரி பேரை வச்சே தீருவேன்னு நின்னாரு அவங்க அப்பா. அன்னிக்கு எனக்கு வெட்ட நேரமில்லை. ஒடேரா மேலே வந்தா உதட்டோரம் பாரு, அந்தக் கீறல் இன்னும் இருக்கும்."