சனிக்கிழமைக்குள் அந்தக் கல் வந்தாக வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது; வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு, "அக்கா வழக்கம்போலப் புலம்பியிருக்கா" என்று உன் மனைவியிடம் சொல்லாதே. உன் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, கடைசியில் வரும்.

விஷயம் நம் ஊர் சமுதாயக் கூடம். பேருந்து திரும்ப இடம் போதவில்லை, கூடமும் பாழடைந்துவிட்டது, ஆகவே அடுத்த மாதம் முதல் தேதி இடிக்கப்படும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பாழடைந்துவிட்டதாம். இருபத்திரண்டு வருஷமாகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை ஆறு மணிக்குத் திறந்து மூலை முடுக்கெல்லாம் பெருக்குகிறவள் நான். மழையில் வீடு ஒழுகினால் இந்த ஊரில் யாரானாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் வருகிறார்கள். உன் அத்தான் போன பிறகு, எழுந்ததும் போவதற்கு எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அது. அதையும் இடித்துவிட்டால் நான் எதற்கு எழுந்திருப்பது? விடுவேனா? மனு மேல் மனு போட்டேன். ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது. கூடத்துக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்று பார்க்க ஓர் அதிகாரி புதன்கிழமை வருவார், உண்டென்று அவர் எழுதிவிட்டால் இடிக்க மாட்டார்கள்.

பாரம்பரிய மதிப்பு என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மதிப்பு என்று இருப்பதால் பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்தோம். 'அவசரம்' என்று பேர் வாங்கிய நம் கொத்தனாரை உனக்குத் தெரியுமே, அவர் சுண்ணாம்புச் சுவரை ஒரே நாளில் சுரண்டி இளஞ்சிவப்பு பெயிண்ட் அடித்தார். தச்சர் கதவிலிருந்த பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு எவர்சில்வரில் ஒன்று போட்டார், மேடைப் பலகை தெரியாமல் பிளாஸ்டிக் விரிப்பையும் ஒட்டினார். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? மேடைத் திரையை அவிழ்த்து வந்து, கொல்லையில் என் துவைக்கிற கல்லில் போட்டு அடி அடியென்று அடித்தேன். எத்தனை வருஷத்துப் பழுப்போ, வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன். அந்தப் பழுப்புக்குள்ளே கையால் வரைந்த கப்பல் ஒன்று இருந்ததாம். அப்புறம்தான் சொல்கிறார்கள்.

அதிகாரி வந்தாள். என் பெரியவளைவிடச் சின்னப் பெண். வாசலில் நின்று இளஞ்சிவப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல பழசு எதும்மா?"

"பழசு ஒண்ணுகூட இல்லம்மா. நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றார் கொத்தனார், பெருமையாக.

அவள் நோட்டை மூடிவிட்டாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "நூறு வருஷத்துக் கட்டடம்மா இது, நீ பாட்டுக்கு நோட்டை மூடுனா எப்படி?" என்றேன். "நூறு வருஷம்னு எங்கயாவது எழுதியிருக்கா? திறந்தப்ப வச்ச கல் இருந்தா காட்டுங்க, திங்கக்கிழமை மறுபடி வர்றேன். வருஷம் தெரிஞ்சா மத்ததைப் பேசிக்கலாம்" என்றாள். கல் இருந்தது தம்பி. வாசல் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. படிக்கட்டை அகலமாக்கியபோது கொத்தனார் அதைப் பெயர்த்துப் பின்சுவரில் சாய்த்து வைத்தாராம், மறுநாள் பார்த்தால் காணோமாம். என் பெரியவள் பிறந்த வருஷம் அது. "ஒங்க தம்பிதான் லீவுக்கு வந்திருந்தாரு. அந்தக் கல்லையே சுத்திச் சுத்தி வந்தாரு" என்று இப்போது சொல்கிறார் மனுஷன்.

உன் வீட்டு வாசலில் பூந்தொட்டிகளுக்கு அடியில் தட்டையாக ஒரு கறுப்புக் கல் கிடக்கிறதே, அது ஏது? புதுவீடு பார்க்க வந்தபோதே, "நம்ம கூடத்துக் கல் மாதிரி இருக்கேடா" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "காபி ஆறுதுக்கா" என்றாய். அன்றைக்கே எனக்குச் சந்தேகம். சின்ன வயதில் சர்க்கரை டப்பா காலியானபோதும் உனக்கு இதே முகம்தான். முதுகுவலி, லீவு இல்லை, கார் சர்வீஸில் இருக்கிறது என்ற கதையெல்லாம் வேண்டாம். சனிக்கிழமைக்குள் சாக்கில் சுற்றிக் கல்லைக் கொண்டுவந்து சேர். ஞாயிற்றுக்கிழமை பதிக்க வேண்டும். பிளாஸ்டிக்கை உரித்தாயிற்று, பித்தளைக் கைப்பிடியும் திரும்பி வந்துவிட்டது. நீ வராவிட்டால் நானே வந்து உன் வாசலில் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். இந்த முழங்காலோடு ஒருமுறை உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டேன், தெரிந்துகொள்.

பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பேரும் புகழுமாக இருக்கட்டும். உன் மனைவியை அந்தத் தொட்டிகளைப் பத்திரமாக நகர்த்தச் சொல்.

கோபம் இருந்தாலும் அன்பு குறையாத,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. திரையை அடித்த அடியில் என் துவைக்கிற கல் ஆட ஆரம்பித்திருந்தது. சரிசெய்ய வந்த கொத்தனார் அதைப் புரட்டினார். புரட்டிவிட்டு, அவர் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அவசரமில்லாமல் நின்றார். அடிப்பக்கத்தில் வருஷம் இருக்கிறது. அதற்குக் கீழே, 'யாரும் வரலாம்' என்று இருக்கிறது.

பெரியவள் அப்போது வயிற்றில் ஏழு மாதம். குனிந்து துவைக்க முடியவில்லை என்று உன்னிடம் அழுதேன். மறுநாள் கொல்லையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் போட்டு வைத்திருந்தாய். ஏதுடா என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நீயும் சொல்லவில்லை. காபி ஏன் ஆறியது என்று இப்போது புரிகிறது.

குப்புறக் கிடந்ததால் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. அதிகாரிக்குப் போன் செய்தேன். "இத்தனை நாள் யாரும்மா பத்திரமா வச்சிருந்தது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். அதை மாற்றிச் சொல்லும் உத்தேசம் இல்லை.

மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள், திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆனால் சனிக்கிழமை கட்டாயம் வா. உன் வாசல் கல்லையும் கொண்டு வா. கூடத்துக் கல் கூடத்துக்குப் போய்விட்டது, எனக்குத் துவைக்கக் கல் இல்லை.