குப்பை வண்டிப் பாட்டும் இருபத்து மூன்று தொண்டைகளும்

குப்பை வண்டி வந்துவிட்டது என்பதைக் குடிமக்களுக்கு உரிய மரியாதையோடு தெரிவிப்பது ஒரு நகராட்சியின் தலையாய கடமை. எங்கள் ஊரில் முதலில் மணி அடித்துப் பார்த்தோம். ஐஸ் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். விசில் ஊதிப் பார்த்தோம். போலீஸ் என்று நினைத்து நடைபாதைக் கடைக்காரர்கள் ஓடிப் போனார்கள். கடைசியில், பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு பாட்டைப் போட்டோம். ஊரே வாளியும் கையுமாக வெளியே வந்தது.

பாடியவர் லேசுப்பட்டவர் அல்ல. குரலரசர் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்; அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டாரே மறந்திருப்பார்கள். "வாளிய எடுங்க, வாசலுக்கு வாங்க" என்று அவர் இழுத்துப் பாடுவார். உடனே ஒரு பெண் குரல் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று இரண்டு முறை பாடும். பாட்டு அவ்வளவுதான். அந்த "வந்தாச்சு" காதில் விழுந்தால், குளித்துக்கொண்டிருப்பவர்கூடத் துண்டோடு குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் அந்த நகராட்சியின் குப்பைப் பிரிவில் எழுத்தர். கோப்பைத் திறப்பது, தைப்பது, மூடுவது என் வேலை. பெரும்பாலும் மூடுவது.

"வந்தாச்சு" பாடிய பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அவர் எங்கும் பாடவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஏன் பாடுவதை விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் அவராகவே எழுதிக் கொடுத்தார், நாலு பக்கம். ஒலிப்பதிவு முடிந்ததும் குரலரசர் மற்றவர்களை டீ குடித்து வரச் சொல்லி அனுப்பியதையும், கதவை உள்ளே தாழிட்டதையும், அதன்பின் நடந்ததையும் எழுதியிருந்தார். அதை இங்கே சொல்ல எனக்குக் கை வரவில்லை. அவருக்கு எழுத வந்திருக்கிறது. தினமும் இரண்டு வேளை வண்டி கடை வாசலில் நின்று தன் குரலையே தனக்குப் போட்டுக் காட்டுகிறது என்றும், பதினோரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டதாகவும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பாட்டு நகராட்சியின் சொத்து என்பதால் மனுவும் நகராட்சிக்கு வந்தது.

விஷயம் வெளியே கசிந்ததும் ஊரில் ஒரு புதுப் பேச்சு நாகரிகம் பிறந்தது. "பிரிச்சுப் பாக்கணும்" என்பதுதான் அது. கலை வேறு, கலைஞர் வேறு என்று ஸ்கூட்டர்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முடி வெட்டுகிறவர் வெட்டிக்கொண்டே சொன்னார். பல் மருத்துவர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடியே சொன்னார். வாய் திறந்தே இருந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பத்து நாள் முன்புவரை ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் பிரிக்கச் சொன்னால் சண்டைக்கு வந்த ஊர், இப்போது பிரிப்பதைப் பற்றி எங்களுக்கே வகுப்பெடுத்தது.

இன்னொரு பக்கம், இந்தப் பாட்டை நிறுத்தும்வரை குப்பை கொடுக்க மாட்டோம் என்று இரண்டு தெருப் பெண்கள் கதவை அடைத்தார்கள். பாட்டை நிறுத்தினால் கொடுக்க மாட்டோம் என்று ஏழு தெரு ஆண்கள் அறிவித்தார்கள். அந்த ஏழு தெருவிலும் அதுவரை எந்த ஆணும் வாளியைத் தொட்டதாகப் பதிவேட்டில் இல்லை.

ஆணையர் எங்கள் அதிகாரியை அழைத்தார். ஊரில் பிரிக்கும் வேலையில் அனுபவமுள்ள ஒரே பிரிவு குப்பைப் பிரிவுதான். ஆகவே குரலரசரின் கலையையும் தனிவாழ்க்கையையும் பிரித்து முப்பது நாளில் அறிக்கை தர வேண்டும் என்றார். இப்படித்தான் கலை தனிவாழ்வுப் பிரிப்புக் குழு உருவாயிற்று. எங்கள் அதிகாரி தலைவர். குரலரசர் ரசிகர் மன்றத் தலைவர், நடுநிலை உறுப்பினர். மூன்று பேர் இருந்தால்தான் குழு என்று விதி சொல்வதால் நானும் ஓர் உறுப்பினர்.

மனு கொடுத்த பெண்ணை வரவழைத்தோம். அவர் கடைச் சீருடையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீங்க நாலு பக்கம் எழுதினது இந்தப் பாட்டுல எந்த இடத்துல வருது?"

"பாட்டுல வராது சார். பாட்டு முடிஞ்ச பிறகு நடந்தது."

"அப்ப பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எனக்கு இருக்கு சார்."

சம்பந்தம் இல்லை என்பதை மனுதாரர் மறுக்கவில்லை என்று குறிப்பெழுதினேன். அடுத்து மன்றத் தலைவர் சாட்சி உண்டா என்றார். உள்ளே தாழிட்ட அறைக்குள் சாட்சி எப்படி வரும் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். சாட்சி இல்லாமல் நாங்கள் எப்படி நம்புவது என்று அதிகாரி வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், நல்ல மனிதர். அந்தப் பெண் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

குரலரசரை விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவருடைய தனிவாழ்வில் தலையிட்டதாக ஆகிவிடும்.

பிறகு மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைக் கேட்டோம். குரலரசர் பாடும் பகுதியில் தனிவாழ்வு எதுவும் தென்படவில்லை. வாளியும் வாசலும்தான் இருந்தன. ஆனால் "வந்தாச்சு" வரும்போதெல்லாம் மூவருக்கும் மனுவின் ஞாபகம் வந்தது. எனக்கு இரண்டாம் பக்கம் முழுதாகவே ஞாபகம் வந்தது. ஆக, பாட்டில் தனிவாழ்வு கலந்திருக்கும் இடம் அந்தப் பெண்ணின் குரல்தான் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது தூய கலை. மனுவுக்கு ஆதாரம் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்து மூவரும் கையெழுத்திட்டோம். நான் முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன், எழுதியவனும் நானே.

பழைய பதிவு முறைப்படி அழிக்கப்பட்டு, மறு வாரம் தூய கலை தெருவுக்கு வந்தது. "வாளிய எடுங்க, வாசலுக்கு வாங்க" என்று பாடிவிட்டு வண்டி மௌனமாக நின்றது. ஒருவரும் வெளியே வரவில்லை. ஊர் இத்தனை காலமும் குரலரசருக்குத் தலையாட்டியது உண்மை. ஆனால் காலை எடுத்து வைத்தது "வந்தாச்சு"க்குத்தான். சிலர் ஓட்டுக் கேட்க வந்த வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். எட்டாம் நாள் தெருமுனைகளில் குப்பை இடுப்பளவு ஏறியது. பழைய மாதிரியே பெண் குரல் வேண்டும் என்று நானூறு பேர் மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து மன்றத் தலைவருடையது. அவர் வீடு தெருமுனையில் இருந்தது. பெண் குரல்தான் வேண்டும், அந்தப் பெண் வேண்டாம் என்று அவர் மனுவில் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தார்.

புதிதாக ஒரு பெண்ணைப் பாட வைப்பது என்று முடிவாயிற்று. குரலரசர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். இரண்டு நாள் தானே நேரில் சொல்லித் தருவதாகக் கடிதம் எழுதினார். வாய்ப்பில் நகராட்சிப் பணியாளர்களின் மகள்களுக்கு முன்னுரிமை என்று சுற்றறிக்கை போனதும் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. ஒரே முற்பகலில் இருபத்து மூன்று பெயர். என் மகள் நன்றாகப் பாடுவாள். பட்டியலும் என் கையில்தான் இருந்தது. ஆகவே அவள் பெயர் முதலில். அதிகாரியின் மகள் இரண்டாவது. மன்றத் தலைவர் பணியாளர் அல்ல என்றாலும் கலைக்குச் செய்த தொண்டைக் கருதி அவர் மகள் மூன்றாவது.

மூன்றாம் நாள் குரலரசரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கலைக்குத் தனிமை தேவை. ஆகவே ஒலிப்பதிவு அவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். பெண் தனியாக வர வேண்டும். பெற்றோர், தோழியர் எவருக்கும் அனுமதி இல்லை. வெளிச் சத்தம் வராதபடி கதவு தாழிடப்படும். ஒலிப்பதிவு என்றால் கதவு மூடித்தானே இருக்கும் என்றார் அதிகாரி. மன்றத் தலைவரும் ஆமோதித்தார். குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஏற்ற பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க."

குளியலறையில் மகள் உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டோம். பிறகு, ரொம்பத்தான் கட்டியிருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்பா, அந்த அக்கா சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அது ஆபீஸ்ம்மா. இது வீடு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்."

அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். இன்னும் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மருத்துவரிடம் கூச்சத்தோடுதான் போனேன். அவர் மகளைக் கூட்டி வரச் சொல்லவில்லை. நீங்கள் நான்காவது ஆள் என்று சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. அலுவலகம் போனால் அதிகாரியின் மகளுக்கு எனக்கு முன்பே தொண்டை போயிருந்தது. பேசலாம், பாடக் கூடாது என்று சான்றிதழ் சொன்னது. மன்றத் தலைவர் தன்னுடையதை உறையில் போட்டு, ஒட்டி, வேறு ஆள் மூலம் அனுப்பியிருந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் இருபத்து மூன்றும் வந்து சேர்ந்தன. நான் எண்ணிட்டுக் கோப்பில் தைத்தேன். அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரே அலுவலகத்தில் இருபத்து மூன்று தொண்டை என்றால் சுகாதாரப் பிரிவு சும்மா இருக்க முடியுமா? தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெருத் தெருவாகப் புகை அடித்தார்கள். நோய் பாடத் தெரிந்த பெண்களை மட்டுமே தாக்குவதாகவும், ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்குத் தொற்றுவதில்லை என்றும், காரணம் ஆராயப்பட வேண்டும் என்றும் அறிக்கை கொடுத்தார்கள். ஆராய்வதற்கு ஒரு குழுவும் போட்டார்கள்.

குப்பை ஜன்னல் உயரத்துக்கு வந்தது. ஆணையர் பொறுமை இழந்து தானே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய பெண்ணையே கூப்பிடுங்கள் என்றார். கடிதத்தை நான்தான் எழுதினேன். "தாங்கள் குரலரசருடன் முன்பே பணியாற்றிய அனுபவம் உள்ளவர் என்பதாலும், தங்களுக்குப் புதிதாகப் பாதிப்பு எதுவும் நேர வாய்ப்பில்லை என்பதாலும்" என்ற வரியை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று என்னையே கொண்டுபோகச் சொன்னார்.

கடையில் அவர் ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டி, காதோரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடியும்வரை நான் நின்றேன். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்துத் தயாராக நின்றிருந்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ஊருல தொண்டை நோயாமே. எத்தனை சர்டிபிகேட் சார் வந்துச்சு?"

"இருபத்திமூணு."

"உங்க வீட்டுதும் சேர்த்தா?"

சேர்த்துத்தான் என்றேன். அவர் துடைக்கும் துணியை நாலாக மடித்து மேசையில் வைத்தார்.

"நான் நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். நம்ப முடியலேன்னீங்க. நம்பினத மட்டும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தச்சு வச்சிருக்கீங்க. அந்த இருபத்திமூணுக்கும் எனக்கு நகல் வேணும் சார்."

கோப்பு ரகசியமானது என்று சொன்னேன். அது உண்மைதான், மேலட்டையில் நானே அப்படி எழுதியிருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் கொண்டுவந்த கடிதத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை."

அதிகாரி அந்த வரியைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்தார். கோளாறு இல்லை என்றால் பாட வருகிறேன் என்றுதானே பொருள், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆணை தயாரிக்கலாமா என்று யோசித்தார். யோசிக்கும்போதே அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"நேர்ல பாத்தது நீங்கதான். அந்தப் பொண்ணு வாய்வார்த்தையா வேற ஏதாவது சொல்லிச்சா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். நான் கையை உயர்த்தி என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் மிகுந்த பரிவோடு என்னைப் பார்த்தார். ஆண்களுக்கும் பரவத் தொடங்கிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, பேசி அலட்டிக்கொள்ள வேண்டாம், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். போகும்முன் மருத்துவரிடம் ஒரு தாள் வாங்கி, இருபத்து நான்கு என்று எண் போட்டு, என்னுடையதையும் கோப்பில் தைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

தைத்துவிட்டுத்தான் வந்தேன்.