பவுண்டு அண்ணன் கடலுக்கு அடியில் பார்த்த பஞ்சர்

நான் எழுதிப் பழகியவன் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லாரிகளின் எடைச் சீட்டு மட்டும்தான். இப்போது அதையும் கம்ப்யூட்டரே அடித்துக் கொடுத்துவிடுகிறது. கையெழுத்து மட்டும் என்னுடையது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடும் ஆசாமி, ஊரே படிக்கிற பத்திரிகையில் இடம் கேட்டு வந்திருப்பது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். பவுண்டு அண்ணனைப் பற்றி வேறு யாராவது எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

காற்றைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் தெரிந்த மனிதர் அவர். காற்று எங்கிருந்து வருகிறது என்று டிவியில் சொல்வார்கள். அது எந்த வழியாகப் போகிறது என்பது பவுண்டு அண்ணனுக்குத்தான் தெரியும்.

அரியலூர் பக்கம், ரெட்டிபாளையம் போகிற ரோட்டில் அவருடைய பஞ்சர் கடை. எதிர்ச்சாரியில் நான் வேலை பார்க்கும் எடை மேடை. சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் என்னிடம் எடை போட்டுவிட்டு அவரிடம் டயரைக் காட்டிவிட்டுப் போகும். முப்பது வருஷமாக டயருக்கு இத்தனை பவுண்டு, அத்தனை பவுண்டு என்று காற்று அடித்து அடித்து, மனிதர்களையும் அவர் பவுண்டில்தான் அளப்பார். கோபக்கார டிரைவர் யாராவது வந்தால், "கிட்ட போவாத தம்பி, நூத்தம்பதுல இருக்கான். வெடிச்சிருவான்" என்பார். என்னைப் பற்றி அவருடைய கணிப்பு: "நம்ம தம்பி இருபது பவுண்டுதான். உருளும், ஆனா சத்தம் வராது."

ஒருமுறை அரியலூரில் டாக்டர் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து நூற்று ஐம்பது என்று சொல்லிவிட்டார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"டாக்டர், கல்லு ஏத்துற லாரிக்கே நூத்தி இருபதுக்கு மேல அடிக்க மாட்டேன். என்னை எப்புடிங்க ரோட்டுல நடமாட விடுறீங்க?"

அன்று முதல் ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. வெயிலில் நிற்பதையும் விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குக் கடலுக்கு அடியில் போகும் ஆசை வந்தது ஒரு கல்லூரி பஸ்ஸால். எங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் கிளிஞ்சல் பதிந்த கல், நத்தை போல் சுருண்ட கல் எல்லாம் கிடைக்கும். அதைப் பார்க்க வந்த மாணவர்களின் பஸ் அவர் கடை வாசலில் பஞ்சரானது. டயர் பட்டைக்குள் சிக்கியிருந்த கிளிஞ்சல் கல்லை அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தூக்கிப் போட, கூட வந்த வாத்தியார் பதறிப்போய்ப் பொறுக்கிக்கொண்டார். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்த இடமே கடலுக்கு அடியில்தான் இருந்தது என்று விளக்கினார்.

பஸ் போய்விட்டது. அண்ணன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அப்ப நம்ம கடை இருக்கறது கடலோட தரையா?"

"அப்புடித்தாண்ணே சொன்னாரு."

"இத்தினி வருசமா தரையிலதான் குந்தியிருக்கோம். மேல இருந்த தண்ணியத்தான் பாக்கல. தண்ணி இருந்தப்ப இந்த எடம் எப்புடி இருந்துருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடணும்."

காசி, ராமேஸ்வரம் என்றெல்லாம் மனிதர்களுக்கு ஆசை இருக்கும். இவருக்கு இந்த ஒரே ஆசை. பார்க்காமல் போய்விடுவோமோ என்கிற கவலையில் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

"கடலுக்கு அடியில போறாராம். வூட்டுத் தொட்டியக் கழுவுங்கன்னா குனிய முடியல, இடுப்பு புடிச்சிக்குதும்பாரு."

அந்த அவமானம் தாங்காமல் அண்ணன் ஒத்திகையில் இறங்கினார். பஞ்சர் கடைகளில் ட்யூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்குமே, அதில் தலையை விட்டு, சைக்கிள் ட்யூபிலிருந்து காற்றை வாயால் உறிஞ்சிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வந்த டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மண்டையில லீக்கா?" என்றார். தலையை எடுத்த அண்ணனுக்கு இரண்டு நாள் வாயில் ரப்பர் வாடை. "காத்துல ருசி இருக்கும்னு இன்னிக்குத்தாண்டா தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு, கடலுக்கு அடியில் ஆளை இறக்கிக் காட்டும் கம்பெனிகளிடம் முறைப்படி விசாரிக்க ஆரம்பித்தார். முதல்முறை இறங்குகிறவனுக்கு எங்கே மலிவு என்பதுதான் கேள்வி. மூன்று மாதம் அந்தக் கடையில் டயரைவிடப் போன்தான் அதிகமாகச் சூடானது. ஒவ்வொரு அழைப்பும் ஸ்பீக்கரில்தான். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் பேசியவர்கள் இவர் ஹெலிகாப்டரில் இருந்து பேசுவதாக நினைத்திருக்கலாம்.

அந்தமான்தான் உசத்தி என்றார்கள். விமானம் கட்டுப்படியாகாது. கப்பலில் போகலாம் என்றதற்கு, "அத்தினி நாளு கடல் மேலயே போயிக்கிட்டிருந்தா வெறுத்துப் போயிடும் தம்பி. அப்பறம் கீழ போவ ஆசை எங்கேர்ந்து வரும்?" என்று தள்ளிவிட்டார். கோவாவில் இந்தி பேசினார்கள். "நீ பத்தாவது படிச்சவன்தானே" என்று போனை என்னிடம் நீட்டினார். நான் "ஹலோ" என்று சொல்லி, கூச்சத்தில் கட் பண்ணிவிட்டேன். கோவா அப்படித்தான் கைவிட்டுப் போனது.

கோவளத்துக்காரர் நல்ல தமிழில் பேசினார். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆள் பிடித்துக்கொண்டு வருவார், போட்டோவும் வீடியோவும் சேர்த்து இன்ன ரேட்டு என்றார். அண்ணன் பேரத்தை ஆரம்பித்தார்.

"போட்டோ வேணாம், வீடியோ வேணாம். கொறைங்க."

"எல்லாம் சேர்த்துதான் சார் ரேட்டு."

"சரி, பாதி ஆழம் போதும். பாதி ரேட்டு போடுங்க."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"அப்ப காத்து நான் கொண்டாந்துடறேன்."



"சார், புரியல?"

"சிலிண்டரு உங்களுது. காத்து என்னுது. சொந்தமா கம்ப்ரஸர் வச்சிருக்கேன் சார். தெரியாத ஆளுங்க காத்தை நான் ஏன் காசு குடுத்து வாங்கணும்?"

"அது வடிகட்டின காத்து சார். மூவாயிரம் பவுண்டு பிரஷர்ல அடைக்கணும். டயருக்கு அடிக்கிறது சரிப்படாது."

அண்ணன் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார். கோயிலில் தீபாராதனைக்கு எழுந்து நிற்பது போல.

"தம்பி, மூவாயிரம் பவுண்டாம்ப்பா. முதுவுல கட்டிக்கிட்டுப் போறாங்களாம்!"

அதன் பிறகு ரேட்டைக் குறைக்கச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது. "மிச்சம் ஆவுற காத்தைத் திருப்பிக் குடுத்துடறேன் சார், அதுக்காச்சும் பாத்துப் போடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடைசியில் படிந்தது புதுச்சேரி. சனி, ஞாயிறு இல்லாமல் வார நாளில் வந்தால் மலிவு. தனிப் படகு கேட்காமல் மற்றவர்களோடு போனால் இன்னும் மலிவு. இரண்டு பேராக வந்தால் அதைவிட மலிவு. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் அண்ணன் ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் வராத லாரிக்காக ரோட்டைப் பார்த்தேன்.

"எனக்குத் தண்ணி ஆவாதுண்ணே."

"குடிக்கறல்ல?"

அக்காவும் சேர்ந்துகொண்டார். "தம்பி கூடப் போனா போவட்டும். தனியா விட மாட்டேன்." முடியாது என்ற வார்த்தையை நாற்பத்தாறு வயது வரை யாரிடமும் சொல்லிப் பழகாதவன் நான். தலை தானாக ஆடிவிட்டது. அண்ணன் டாக்டரிடம் போய், மாத்திரையால் அழுத்தம் அடங்கியிருக்கிறது, இறங்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார். என்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று அதே டாக்டர் சொன்னபோது, எனக்கு நம்பிக்கை இருந்த கடைசிக் கதவும் சாத்தப்பட்டது.

திங்கட்கிழமையே போய் லாட்ஜில் தங்கி, செவ்வாய் காலை கடற்கரையில் நின்றோம். பயிற்சியாளர் எங்கள் வயதுக்காரர், வழுக்கைத் தலை, பொறுமைசாலி. மூக்கை மூடி வாயால் மூச்சு விடுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதுவது என்றெல்லாம் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அலை மண்ணைக் கலக்கியிருந்ததால் முகத்துக்கு எதிரில் இருப்பதுகூட உள்ளே தெரியவில்லை. பிறகு நடந்த கூத்துக்கு அதுதான் காரணம்.

படகு ஆழத்துக்குப் போய் நின்றது. நான் அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன். முதலில் அண்ணன், அடுத்து நான் என்று முறை. சிலிண்டரை முதுகில் கட்டியதும் அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "மூவாயிரம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இறங்கினார். கூடவே பயிற்சியாளரும் வீடியோ எடுக்கும் ஆளும். நாலே நிமிஷம். திடீரென்று அண்ணனும் பயிற்சியாளரும் மேலே வந்தார்கள். பயிற்சியாளர் முகம் சிவந்திருந்தது.

கீழே நடந்ததை நான் பிற்பாடு வீடியோவில் பார்த்தேன். அண்ணன் எவ்வளவோ கெஞ்சியும் புதுச்சேரிக்காரர்களும் விடாப்பிடியாக ரேட்டில் சேர்த்தார்களே, அந்த வீடியோவில்.

தெளிந்த தண்ணீர். கீழே மணல் தரை. பயிற்சியாளர் அண்ணனின் கையைப் பிடித்தபடி நேர் எதிரில் மிதக்கிறார். அவர் மூச்சு விட, வாயில் மாட்டியிருக்கும் கருவியின் இரண்டு பக்கமும் குபுகுபுவென்று குமிழி கிளம்புகிறது. கரையோரக் கலங்கலில் இது அண்ணன் கண்ணில் படவே இல்லை. அண்ணனுடைய கண்கள் விரிகின்றன. முப்பது வருஷமாகத் தண்ணீருக்குள் குமிழியைப் பார்த்தால் அந்தக் கை என்ன செய்யுமோ, அதையே செய்தது. ஒரு பெருவிரல் வலப்பக்கம், ஒரு பெருவிரல் இடப்பக்கம். அழுத்தி அடைத்துவிட்டார். பயிற்சியாளர் கையைத் தட்டிவிடுகிறார். காற்று போய்க்கொண்டிருக்கிற மனிதன் பதற்றத்தில் துள்ளுகிறான் என்று எண்ணி அண்ணன் இன்னும் இறுக்குகிறார். நடுவில் ஒரு கையை எடுத்துத் தன் காதோரம் தடவுகிறார். ஓட்டை இருக்கும் இடத்தில் அடையாளம் போடக் காதில் பென்சில் செருகி வைத்திருப்பார். அதைத்தான் தேடியிருக்கிறார்.

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சியாளர் கத்தினார். "யோவ், என்னய்யா பண்ற நீ?"

"லீக்கு சார்! ரெண்டு பக்கமும் லீக்கு! இதை வச்சிக்கிட்டு எப்புடி சார் தொழில் பண்றீங்க?"

"அது நான் விடுற மூச்சுய்யா!"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவு காத்தும் வீணாவா போவுது?"

படகிலிருந்த இளைஞர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, கீழ பாத்தியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"எங்கடா பாக்கறது. வேலையில இருந்துட்டேன்."

பயிற்சியாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு தடவைதான். இறங்கி ஏறியாயிற்று. அதோடு, இந்த மனிதரை நம்பி மறுபடியும் இறங்க முடியாது. அடுத்த ஆள் வரலாம்.

அடுத்த ஆள் நான்.

இத்தனை பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை.

"சார், என் முறையில அவரே போவட்டும்."

"அப்ப நீங்க?"

"நான் இங்கேயே வாந்தி எடுத்துக்கறேன்."

அவர் முடியாது என்று தலையாட்டினார். நான் விடவில்லை. "பஞ்சர் கடைக்காரரு சார். குமிழியப் பாத்தா அடைக்காம அவரால இருக்க முடியாது. உங்களக் கொல்லப் பாக்கல, காப்பாத்தப் பாத்தாரு. நீங்க பின்னாடி நின்னு புடிச்சிக்கிட்டுப் போங்க. உங்க குமிழி அவரு கண்ணுல படாது. தரையப் பாக்கணும்னுதான் மூணு மாசமா சோறு திங்காம வந்துருக்காரு."

அவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கையை ரெண்டு அக்குள்லயும் வச்சிக்கணும். எடுத்தா அப்பவே மேல."

"எடுக்க மாட்டேன் சார்" என்றார் அண்ணன், பள்ளிக்கூடப் பையனைப் போல.

நான் விட்டுக்கொடுத்ததைப் பெரிய தியாகமென்று அவர் எங்கள் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் தியாகம் செய்தவனைப் போலவே நடந்துகொண்டேன். அதில் பாதி பயம் என்பதை இந்தப் பத்திரிகை மூலமாக இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். இந்த முறை முழு நேரமும் இருந்தார். மேலே வந்தபோதும் கை அக்குளிலேயே இருந்தது. சொன்ன பிறகுதான் எடுத்தார்.  கரைக்கு வந்து, ஊருக்குக் கிளம்பி, கடலூரில் பஸ் மாறினோம். வடலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊரு மாதிரியேதாண்டா இருக்கு. அதே தரை. கிளிஞ்சல் கெடக்குது. நம்ம கடை இருக்கற எடத்துல ஒரு மீனு நின்னுக்கிட்டு என்னையே பாத்துச்சு."

"நல்லா இருந்துச்சாண்ணே?"

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எதுத்தாப்புல பாத்தேன். ஒன் எடை மேடை எடத்துல யாருமே இல்ல. அது ஒண்ணுதான் நல்லா இல்ல."

மறுநாள் புதன்கிழமை. அவருக்கு இடது காது அடைத்துக்கொண்டு கேட்கவில்லை. கையை அக்குளிலிருந்து எடுக்கக் கூடாதென்று, கீழே மூக்கைப் பிடித்து ஊதாமலே இருந்திருக்கிறார். நான் லீவு சொல்லிவிட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள்.