கோலாப்பூருக்குக் கடல் வந்த கதை

பொய் சொல்வதென்றால் சுத்தமாகச் சொல்ல வேண்டும், தையல் வெளியே தெரியக் கூடாது என்று உதுமான் முடிவு செய்தார். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருப்பவர். தையல் தெரியாமல் தைப்பது அவருக்குக் கை வந்த வேலை.

"கோலாப்பூர்ல நல்ல தோல் வந்திருக்காம். சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை வந்திருதேன்" என்றார் மனைவி உமைராவிடம்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

உண்மையில் அவர் போனது கொங்கண் கரையில், ரோடு தீர்ந்த பிறகும் நடந்து சேர வேண்டிய ஒரு பாறை முனைக்கு. அங்கே தாமோதர் என்பவர் அலைமேல் பலகையில் நிற்கச் சொல்லித்தருகிறார். சர்ஃபிங். பலகைகளுக்குக் கான்வாஸ் உறை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, "ஒரு தடவை ஏறிப் பாருங்கள் சேட்" என்று அவர் சொல்ல, ஐம்பதைத் தொடப்போகும் உதுமான் பலகையில் குப்புறப் படுத்தார். அலை தூக்கியது. எழுந்து நின்றார். மூச்சு விட்டு வாங்குகிற நேரம்தான். பிறகு விழுந்து, அரபிக் கடலில் பாதியை மூக்கு வழியாகக் குடித்தார். ஆனால் கரையேறியவர் பழைய உதுமான் இல்லை.

அந்த முனையில் எல்லா நாளும் அலை வராது. தூரத்தில் எங்கோ காற்று அடித்து, அந்த வேகம் கடல் கடந்து வர வேண்டும். அலைக்கும் அலைக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீச வேண்டும். எல்லாம் கூடினால் அலை பாறை மூக்கைச் சுற்றிக்கொண்டு, சேலைக் கரை மாதிரி ஒரே நீளமாக மடிந்து வரும். கூடுமா கூடாதா என்று தாமோதர் வாரா வாரம் குன்றின்மேல் ஏறி, சிக்னல் பிடித்து, இந்தியில் செய்தி அனுப்புவார். அவருடைய நம்பரை உதுமான் போனில் 'கோலாப்பூர் தோல்' என்று போட்டு வைத்திருந்தார்.

தோல் வாங்கப் போனவர் ஒருமுறைகூடத் தோல் கொண்டுவரவில்லை. அவருடைய தோல்தான் கறுத்து வந்தது.

"கோலாப்பூர்ல வெயில் சாஸ்தியோ?"

"ஆமா. மேட்டுப் பூமில்லா."

"மணலும் சாஸ்தி போலருக்கு. காதுக்குள்ள கெடக்கு."

"தோலை மணல்ல காய வைக்காவ."

"சட்டையெல்லாம் உப்பு."

"தோலுக்கு உப்புப் போடாம?"

"சரி" என்றாள் உமைரா.

என்னா மூளை நமக்கு என்று உதுமான் தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. உமைராவின் தம்பி யாசர், ஊரில் கடலில் குளிக்கப் போய்த் திரும்பி வராதவன். அதிலிருந்து அவளுக்குக் கடல் ஆகாது. தாதர் சௌபாட்டிக் கடற்கரையில் பேல்பூரி தின்றாலும் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

நவம்பரில் முனையின் நிலவரம் திடீரென்று கெட்டுப்போனது. 'கடல் தட்டு மாதிரி கிடக்கிறது. வராதீர்கள்' என்று செய்தி. அடுத்த வாரம், 'காற்று தலைகீழ். அலை உடைந்து குப்பை. வராதீர்கள்.' அதற்கடுத்த வாரம், 'ஒரே ஜெல்லி மீன். மறக்காமல் வீட்டிலேயே இருங்கள்.'

'மறக்காமல்' என்ற சொல்லில் உதுமானுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேன் துடைத்தார். பரண் ஒழித்தார். மாதுங்கா மார்க்கெட்டில் உமைரா முன்னே நடக்க, பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு பின்னே நடந்தார்.

"இந்த வாரம் கோலாப்பூர் போகலியளா?"

"தோல் சரியில்லையாம்."

"அய்யோ பாவம். அப்போ அந்தத் தேங்காயையும் பிடிங்க."

ஒருநாள் கார்கானாவில் குனிந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தவருக்குக் கழுத்து நிமிரவில்லை. கத்தரியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அவரே எதிர்பாராமல் நீளமாக எழுதினார்.

'தாமோதர் பாய், அலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடல் எப்படி இருக்கிறதென்று மட்டும் சொல்லுங்கள். இங்கே நாள் பூரா யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பலகைமேல் அலைக்காகக் காத்திருக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை. பயமாக இருக்கும், ஆனால் அந்தப் பயம் எனக்கே எனக்கு. வீட்டில் சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்பதற்காக இல்லை. நான் திரும்பி வரும்வரை சோறு தின்ன மாட்டாள், அதற்காக.'

உடனே பதில் வரவில்லை. சில நாள் கழித்து வந்தது: 'இந்த ஞாயிறு நல்ல அலை. வாருங்கள். ஆனால் இனிமேல் வீட்டுக்காரியோடு வந்தால்தான் பலகை. புது ரூல்.'

உதுமானுக்கு வியர்த்துவிட்டது.

"உமைரா, கோலாப்பூர் வாரியா?"

"வாரேன்."

"அங்கன... ஒரு கடல் இருக்கு."

"கோலாப்பூர்லயா?"

"பக்கத்துல."

"எவ்வளவு பக்கத்துல?"

"கடல் பக்கத்துலதான் இருக்கு. கோலாப்பூர்தான் கொஞ்சம் தள்ளி இருக்கு."

உமைரா எழுந்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். அதில் அவருடைய அரைக்கால் சட்டை, துண்டு, காதுக்குப் பஞ்சு எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று கரையிலிருந்து வீசியது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையைச் சுற்றி வந்தன. தாமோதர் ஓடி வந்தார்.

"எங்கே போனீர்கள் சேட்? ஒரு மாசமாகத் தங்கமான அலை. வாரா வாரம் சொன்னேன், பதிலே இல்லை."

"அலை இல்லைன்னு நீங்கதானே..." என்று தொடங்கிய உதுமான், மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"உங்க போன்ல தோல் வியாபாரி போட்டோவுல அலை எதுக்கு வருது?" என்றாள் உமைரா. "அஃப்ஷா உங்க போன்ல அந்தப் பேருக்கு என் பழைய போன் நம்பரைப் போட்டு, இவரு நம்பரை பிளாக் பண்ணிக் குடுத்தா. இவரு அனுப்புன பழசையெல்லாம் படிச்சு, அதே மாதிரி எழுதுனேன்."

பெற்ற மகளும் கூட்டு!

"அப்போ, இன்னைக்கு நல்ல அலைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா போட்டேன்."

உதுமான் மணலைப் பார்த்தார். "நான் எழுதுனத படிச்சியா?"

"படிச்சேன். அழுது முடிச்சுட்டுத்தான் பதில் போட்டேன்." அவள் மணலில் உட்கார்ந்தாள், கடலைப் பார்த்து. "போங்க. ஆனா நான் கையத் தூக்குனா அந்த நிமிசமே கரைக்கு வரணும்."

உதுமான் போனார். காத்திருந்தார். அவருக்கென்றே ஒன்று வந்தது. எழுந்தார், நின்றார், விழவில்லை. அலை மடிய மடிய அதன் ஓரமாகவே பலகை ஓடியது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பெருமையோடு கரையைப் பார்த்தார். உமைரா எழுந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

வாழ்நாளிலேயே நல்ல அலையைப் பாதியில் விட்டுக் குதித்து, நீந்தி, பாறையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்னா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் உமைரா. "தூக்குனா வாரியளான்னு பாத்தேன். போங்க."