புல்லுக்குக் குடை பிடித்த கங்காணி

மழையை ஜென்ம விரோதியாகப் பார்த்த விவசாயி இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். மேகம் கறுத்தால் போதும், சிலுவார் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்று, சீர் போதவில்லை என்று முறுக்கிக்கொண்ட மருமகனைத் திட்டுவதுபோல வானத்தைத் திட்டுவார். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. பிரிஞ்சாங் டவுன் கடைக்காரர் முதல் தோட்டத்து நாய்கள் வரை எல்லாருக்கும் அவர் குடைக் கங்காணி.

கேமரன் மலையில் மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது. காலையில் பனியாக எட்டிப் பார்க்கும். மத்தியானம் சாரலாகக் கதவைத் தட்டும். மூன்று மணிக்கு உரிமையோடு உள்ளே வந்துவிடும். உள்ளே என்றால் நிஜமாகவே உள்ளே. லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் கூரை வெள்ளைக்காரன் போட்டது. அவன் கப்பலேறிப் பல வருஷம் ஆகியும் அதை யாரும் ஏறிப் பார்க்கவில்லை. கங்காணியின் மனைவி பொன்னம்மா அத்தைக்கு இரைப்பு நோய். கட்டிலைச் சுற்றி ஐந்து சட்டி வைத்திருப்பார்கள். எந்தச் சட்டி நிரம்பிவிட்டது என்று சொட்டும் சத்தத்தை வைத்தே அத்தை சொல்லிவிடுவார். ஈரம் ஏற ஏற அவர் நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பார்கள்.

நான் அப்போது தோட்டத்து ஆபிசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. அதே லயத்தில் பிறந்தவன் என்பதால் கங்காணி எனக்கு மாமா. கூரை மாற்றித் தரச்சொல்லி அவர் சொல்லச் சொல்ல மூன்று முறை மனு தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எழுபதுகளின் நடுவில் எண்ணெய் விலை மளமளவென்று ஏறியது. தேயிலையைக் காயவைக்கும் அடுப்புக்கு எண்ணெய்தான் சாப்பாடு. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நிர்வாகம் பண்ணப் புதிதாக ஒரு துரை வந்தார். கையில் ஒரு சின்னப் புத்தகம், பின்னால் ஒரு மூட்டை விதை. ஏதோ ஒரு வறண்ட தேசத்தில் ஆளுயரத்துக்குப் புல் வளர்க்கிறார்களாம். அறுத்துக் காயவைத்து எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கிறார்களாம். லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவைக் காட்டி, இங்கே போடு என்று துரை கங்காணியிடம் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் துரையிடம் ‘முடியாது’ என்று சொல்லும் பழக்கம் கிடையாது. நிலாவைக் கவ்வாத்துப் பண்ணி நறுக்கச் சொன்னாலும், “செய்யலாம் துரை, ஏணி வேணும்” என்றுதான் சொல்வார்கள். கங்காணியும் “செய்யலாம் துரை” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அவருக்கு எழுத்து வராது.

“என்னா போட்டிருக்கான், படி தம்பி.”

“இது வறண்ட பூமிப் புல்லு மாமா. மழை ஜாஸ்தி ஆவாதுன்னு போட்டிருக்கு.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை, புத்தகத்தைப் பற்றித் தெரியாமல், பெய்துகொண்டிருந்தது.

“துரைக்குத் தெரியுமா?”

“துரைதான் மாமா படிச்சாரு.”

“அப்ப சரி லா,” என்று எழுந்துவிட்டார்.

விதை முளைத்தது. முளைத்த வேகத்தில் அழுகியது. அழுகிய இடத்தில் காளான் பூத்தது. கங்காணி விடவில்லை. மறுபடி விதைத்து, வீடு வீடாகப் போய்க் குடை இரவல் வாங்கி, பாத்திக்குப் பாத்தி நட்டுவைத்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு கூடையோடு நனைந்துகொண்டிருக்க, புல் குடைக்குள் சுகமாக நின்றது. அவர் பெயர் அன்றைக்கு மாறியதுதான்.

ஒரு கட்டுப் புல் எப்படியோ தேறியது. அதைக் காயவைக்க வெயில் எங்கே? தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் பரப்பினார். அந்த வாரத்துத் தேயிலை முழுக்க மாட்டுக்கொட்டகை வாசம். கடைசியில் தேயிலை அடுப்பிலேயே வைத்துக் காயவைத்தார்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க வந்த புல்லைக் காயவைக்க ஒரு டின் எண்ணெய் எரிந்தது. துரை முன்னால் தீக்குச்சி கிழித்தபோது புல் பிரமாதமாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் துரையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோதனை வெற்றி என்று தலைமை ஆபிசுக்குக் கடிதம் போனது. நான்தான் தட்டச்சு செய்தேன். எண்ணெய் டின்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

சரிவு முழுவதும் போடலாமா என்று துரை கேட்டார்.

“செய்யலாம் துரை,” என்றார் கங்காணி. “கூரை வேணும்.”

பத்தே நாளில் இரண்டு லோரி தகரம் மலையேறி வந்தது. புத்தம்புதுத் தகரம். மனுஷருக்கு மூன்று மனுவில் அசையாத ஆபிஸ், புல்லுக்கு என்றதும் ஓடோடி வந்தது. சரிவில் பாதிக்கு நெடுநெடுவென்று கொட்டகை எழுந்தது. பக்கத்திலேயே லயத்தில் அத்தை சட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். கொழுந்தெடுக்கும் காளியம்மா நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன் கங்காணியாரே, அடுத்த பொறப்புல நானும் புல்லாப் பொறக்கணும்னு வேண்டிக்கவா?”

அவர் அடுத்த தகரத்தை இழுத்து வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

தகரத்துக்கு அடியில் புல் நனையவில்லை. வெயிலையும் பார்க்கவில்லை. வெளுத்து, நூலாகி, ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. துரை அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் காலை கங்காணி தரையைச் சமப்படுத்தி, மூன்று பக்கம் சாக்குக் கட்டி, அத்தையின் கட்டிலைக் கொட்டகைக்குத் தூக்கிவந்து போட்டார். ஒரே வாரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். விசில் நின்றுவிட்டது. அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளை பெற்றவள் ஒருத்தி வந்தாள். இருமுகிற கிழவர் இரண்டு பேர் வந்தார்கள். கொடி கட்டிக் குழந்தைத் துணி காய்ந்தது. அந்த மலையில் துணி நிஜமாகக் காய்ந்து நான் பார்த்த ஒரே இடம் அது.

“புல்லு சாவும்னு தெரிஞ்சேதானே கூரை கேட்டீங்க?” என்றேன்.

“புல்லுக்குத்தான் தம்பி கேட்டேன், சத்தியமா. அது செத்துப்போச்சு. தகரம் சாவலியே, அத என்னா பண்றது?”

லீவு முடிந்து துரை தனியாக வரவில்லை. புல்லைப் பார்க்கத் தலைமை ஆபிஸ் பெரியவர்கள் இரண்டு பேரைக் கோட்டு சூட்டோடு நேராகக் கொட்டகைக்கே அழைத்துவந்தார். உள்ளே அத்தை ஸ்டவ்வில் ரசம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை, வந்தவரின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. புல் எங்கே என்று துரை கேட்டார். கங்காணி தொப்பியைக் கழற்றினார்.

“செத்துப்போச்சு துரை. புஸ்தகத்துல காஞ்ச எடம் வேணும்னு போட்டிருந்துச்சு. தோட்டத்துல காஞ்ச எடம் இது ஒண்ணுதான். சும்மா கெடக்கேன்னு மனுசங்கள வெச்சிருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

கொட்டகையை இரண்டே நாளில் பிரித்தார்கள். அந்தத் தகரம் லயத்துக்கு வரும் என்று காளியம்மா நம்பினாள். அது துரையின் மோட்டார் காடி நிற்கும் ஷெட்டுக்குப் போனது. அத்தையின் கட்டில் பழைய ஐந்து சட்டிகளுக்கு நடுவே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் விசிலும் வந்துவிட்டது. கங்காணிக்கு வேலை நீக்கம், மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கடிதத்தைத் தட்டச்சு செய்தது யார் என்று கேட்காதீர்கள்.

வழக்கம்போல அவர் அதையும் படித்துக்காட்டச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். நான் ‘உத்தரவை மீறி’, ‘தோட்டத்தின் பெயரைக் கெடுத்து’ ஆகிய இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

“முழுசாப் படி தம்பி. இம்மாம் நீளமா இருக்கு, நீ சுருக்கா முடிக்கிற.”

முழுவதும் படித்தேன். முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடற? நீ தட்டலேன்னா வேற ஒருத்தன் தட்டியிருப்பான். தப்பும் தவறுமாத் தட்டியிருப்பான் லா,” என்றார்.

கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரியில் அவர்கள் இறங்கிப் போனார்கள். டிரைவர் பக்கத்தில் அத்தை, மூட்டைகள் மேல் கங்காணி. தைப்பிங்கில் அத்தையின் தம்பி இருக்கிறாராம், ரயில்வேயில் வேலை, ஓட்டு வீடு.

“அங்க மழ எப்படி தம்பி? நீ படிச்சவன், தெரிஞ்சிருக்கும்,” என்று மேலிருந்து கேட்டார்.

இந்த நாட்டில் மழைக்குப் பேர்போன ஊரே தைப்பிங்தான். “ரொம்பக் கொறச்சல் மாமா,” என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். லோரி வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் வானொலியில் தைப்பிங்கில் கனத்த மழை என்று சொன்னால் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். ஓட்டு வீடு, எவ்வளவு பெய்தாலும் வெளியேதான் பெய்யும், அத்தை நிம்மதியாகத் தூங்குவார் என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்ட பிறகுதான் கை அசையும்.